இறுகிப்போன கொட்டர் பின்: பழைய றலியில் கிறாங் கழற்றியது

சைக்கிளில் பெடல் பூட்டியிருக்கும் இரும்புக் கைதான் கிறாங், அதை நடு அச்சோடு பிடித்து வைத்திருப்பது கொட்டர் பின். அந்தப் பின் போட்ட கிறாங் இறுகிவிட்டது என்றால் எல்லோருடைய கையும் முதலில் போவது சுத்தியலுக்குத்தான். அப்படி அடித்துக் கழற்றிய கிறாங்குகளையும், அந்த அடியில் பழுதாகிப்போன கப்புகளையும் (அச்சின் குண்டுகள் உருளும் கிண்ணங்கள்) நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பின்னை அடித்து எடுப்பதை விட நெருக்கித் தள்ளி எடுப்பதுதான் சரி. அடித்தே தீரவேண்டும் என்ற நிலை வந்தால், கிறாங்குக்கு அடியில் நிலத்தோடு முட்டுக் கொடுக்காமல் ஒரு அடிகூட அடிக்கக் கூடாது. என்னிடம் உள்ள பழைய றலி (Raleigh) சைக்கிளில் இடது பக்கம் சுலபமாக வந்தது, வலது பக்கம் அசையவே மாட்டேன் என்று நின்றது. இரண்டும் எப்படி வந்தன என்று விபரமாக எழுதுகிறேன், யாழ்ப்பாணத்தில் இன்னும் எத்தனையோ வீட்டுக் கோடிகளில் இதே மாதிரிச் சைக்கிள்கள் கறள் பிடித்துச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன.

இது பெரியப்பாவின் சைக்கிள். கறுப்பு நிறம், 28 அங்குலச் சில்லு, கம்பிப் பிறேக், பின்னுக்குப் பெரிய கரியர். செயின் வீலுக்குள் கொக்குத் தலைகள் வெட்டியிருக்கும், றலியின் சின்னம் அது. ஹம்பர் என்றால் செயின் வீலுக்குள் மனித உருவங்கள் நிற்கும், ரட்ஜ் என்றால் ஒரு கை. ஹம்பரை 1932இலும் ரட்ஜை 1943இலும் றலி கொம்பனி வாங்கிவிட்டது, ஆனாலும் சின்னங்களை மாற்றவில்லை, அதனால் ஊரில் பழைய ஆட்கள் இன்றைக்கும் செயின் வீலைப் பார்த்துத்தான் சைக்கிளின் பெயரைச் சொல்வார்கள். இந்தச் செயின் வீல் வலது கிறாங்கோடு நிரந்தரமாக இறுக்கப்பட்டது, தனியாகக் கழற்ற முடியாது. கிறாங்கை வெட்டினால் கொக்கும் போய்விடும். "கிறைண்டரால் வெட்டி எறிஞ்சுபோட்டு புதுச் செட் ஒண்டு பூட்டுங்கோ" என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. அதற்கு நான் சம்மதிக்காததற்கு முதல் காரணம் இந்தக் கொக்கு. இரண்டாவது காரணம் கப், அதைப் பிறகு சொல்கிறேன்.

1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோல் இல்லாத குடாநாடு சைக்கிளில்தான் ஓடியது. ஆட்கள், விறகு, மண்ணெண்ணெய்க் கலன், நோயாளி, எல்லாம் சைக்கிளில். 1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்தால் வலிகாமத்துச் சனம் முழுக்க ஊரை விட்டு நாவற்குழிப் பக்கமாக நகர்ந்தபோது இந்தச் சைக்கிளும் கரியரிலும் ஹாண்டிலிலும் மூட்டைகளோடு உருட்டப்பட்டுத் தென்மராட்சிக்குப் போனது. பாரம் ஏற்றி உழக்கிய சைக்கிளில் முதலில் அடி வாங்குவது கொட்டர் பின்தான். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, வலது பக்கப் பின்னைக் கடைசியில் கையில் எடுத்துப் பார்த்தபோது அந்தக் காலத்தின் வேலை அதில் தெரிந்தது.

சரி, குறை என்ன என்றால், உழக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டக்". அதோடு கிறாங் பக்கவாட்டில் ஆடியது. இப்படி ஆட்டம் இருந்தால் பிழை பின்னிலா, அச்சைச் சுற்றி உருளும் குண்டுகளான போல்ஸிலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கிறாங்கைப் பிடித்துச் சட்டத்தின் பக்கமாக உள்ளுக்கும் வெளியிலும் ஆட்டிப் பாருங்கள். மற்றப் பக்கக் கிறாங்கும் சேர்ந்து ஆடினால் போல்ஸ் தேய்ந்திருக்கிறது அல்லது கப் தளர்ந்திருக்கிறது. பிடித்த கிறாங் மட்டும் ஆடினால் அந்தப் பக்கத்துப் பின் தளர்ந்திருக்கிறது. இன்னொரு சோதனை, இரண்டு கிறாங்கையும் கிடையாக வைத்து இரண்டு பெடலையும் ஒரே நேரத்தில் கையால் அமத்துங்கள், பிறகு அரைச் சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப அமத்துங்கள். கிறாங் கொஞ்சம் நழுவி உட்காருவது கையில் தெரிந்தால் பின் போய்விட்டது. எனக்குப் பின், போல்ஸ் இரண்டிலும் பிழை இருந்தது. போல்ஸை மாற்ற வேண்டும் என்றால் அச்சு வெளியே வரவேண்டும். அச்சு இடது பக்கமாகத்தான் வரும், வலது பக்கக் கப்பின் ஓட்டை அதற்குப் போதாது. ஆகவே ஒரு கிறாங்கை மட்டும் கழற்றினால் காணாது, இரண்டும் கழல வேண்டும்.

கொட்டர் பின் என்பது ஒரு இரும்பு ஆப்பு, அவ்வளவுதான். றலியில் அதன் உடம்பு 9.5 மில்லிமீற்றர், அதாவது 3/8 அங்குலம். ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாக்கப்பட்டிருக்கும், மெல்லிய நுனியில் புரி வெட்டி நட்டும் வாஷரும். அச்சின் முனையில் ஒரு தட்டையான வெட்டு இருக்கிறது, பின்னின் சரிவு அந்த வெட்டில் போய் நெருங்கி உட்காரும். கிறாங்கை அச்சோடு பிடித்து வைத்திருப்பது இந்த நெருக்கம்தான். நட் பின்னை உள்ளே இழுப்பதற்காக இல்லை, உள்ளே உட்கார்ந்த கொட்டர் பின் திரும்ப வெளியே வராமல் காவல் நிற்பதற்கு. இதை விளங்கிக்கொள்ளாமல் நட்டைப் பிடித்து முறுக்கு முறுக்கு என்று முறுக்குவதால்தான் பாதிப் பின்களின் புரி அழிகிறது.

அது ஏன் இறுகுகிறது? கறள் ஒரு காரணம். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரத்தில் இல்லை, உப்புக் காற்று, கார்த்திகை மார்கழியில் மாரி, வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகள். பின் போகும் ஓட்டைக்கு மூடி கிடையாது, தண்ணீர் உள்ளே போனால் அங்கேயே நிற்கும். ஆனால் கறளை விட மோசமானது, தளர்ந்த பின்னோடு தொடர்ந்து உழக்குவது. அச்சின் வெட்டு விளிம்பு ஒவ்வொரு மிதிக்கும் பின்னைக் குத்திக் குத்தி அதில் ஒரு படி உண்டாக்கிவிடும், அந்தப் படி அச்சின் விளிம்பில் கொழுவிக்கொண்டு நிற்கும். கறள் என்றால் எண்ணெய் இளக்கும், படிக்கு எண்ணெய் ஒன்றும் செய்யாது.

முட்டுக் கொடுக்கிற விஷயத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் கொக்குவில் பக்கத்தில் நீண்ட காலம் சைக்கிள் திருத்திய ஒரு ஐயா. அவரிடம் போய்க் கேட்டபோது சுத்தியலைப் பற்றி அவர் ஒன்றுமே பேசவில்லை. "தம்பி, அடிக்கிற அடி எங்க போகுது எண்டு பார். கீழ முட்டுக் குடுக்காட்டி அடி பின்னுக்குப் போகாது, போல்ஸுக்குப் போகும்" என்றார். உண்மைதான். கிறாங் அந்தரத்தில் தொங்கும்போது பின்னின் மேல் அடித்தால் அச்சு முழுக்கக் கீழே அமரும், அந்தப் பலம் கால் அங்குலக் குண்டுகள் வழியாகக் கப்பின் பாதையில் இறங்கும். கப்பில் சின்னச் சின்னக் குழி விழும். பிறகு எவ்வளவு கிறீஸ் போட்டாலும் சுற்றும்போது கரகரக்கும். நான் மேலே சொன்ன இரண்டாவது காரணம் இதுதான்: மற்றச் சைக்கிள்களில் சாதாரணமாக கப்பின் புரி அங்குலத்துக்கு 24, றலி தனக்கென்று 26 வைத்திருந்தது. கடையில் கிடைக்கும் பொதுவான கப் இதில் பூட்டுப்படாது. கப்பைப் பழுதாக்கினால் இன்னொரு பழைய றலியைத் தேடிப் போக வேண்டியதுதான். பின்னைக் காப்பாற்ற வேண்டிய தேவை எனக்கு இல்லை, அது எப்படியும் குப்பைக்குத்தான் போகும். காப்பாற்ற வேண்டியவை கப், அச்சு, கிறாங் மூன்றும். எந்த வேலையைத் தொடங்கும்போதும் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டேன்.

முதலில் ஊற வைத்தேன். எங்கள் வீடுகளில் கறளுக்கு மருந்து என்றால் மண்ணெண்ணெய்தான், கழுவுவதற்கு அது நல்லது, ஆனால் நெருங்கிய இடுக்கில் அது போதவில்லை. டபிள்யூ.டி.-40 கிடைத்தால் பரவாயில்லை, அதுவும் ஈரத்தை விலக்குவதில்தான் கெட்டிக்காரன். நான் பாவித்தது ஓட்டோமற்றிக் கியர் ஒயிலும் அசற்றோனும் சம அளவாகக் கலந்தது. இரண்டும் ஒன்றோடொன்று சேராது, ஒவ்வொரு முறை விடும்போதும் போத்தலைக் குலுக்க வேண்டும். சைக்கிளைச் சரித்து, பின்னின் தலைப் பக்கம் மேலே பார்க்க வைத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, கிறாங்கின் கண்ணை, அதாவது அச்சும் பின்னும் போகும் தடித்த முனையை, சுற்றிச் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். தட்டும் அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். மறுநாள் மற்றப் பக்கம் சரித்து அதேபோல. அசற்றோன் மிக விரைவாகத் தீப்பிடிக்கும், குசினிக்குப் பக்கத்தில் வைத்துக் கலக்காதீர்கள்.

அது ஊறிக்கொண்டிருக்க, தள்ளுவதற்கு ஒரு கருவி செய்வித்தேன். வைஸ் (சாமானை இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) இருந்தால் அதிலேயே செய்யலாம், ஆனால் மேசையில் பூட்டிய வைஸுக்கு முழுச் சைக்கிளையும் தூக்கிப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும், வலது பக்கத்தில் செயின் வீல் வைஸின் வாயில் இடிக்கும். ஜி கிளாம்ப் ஒன்றைப் பாவித்துப் பார்த்தேன், வார்ப்பிரும்பு, இறுக்க இறுக்க அதன் முதுகு விரிவது கண்ணுக்கே தெரிந்தது, உடனே நிறுத்திவிட்டேன். வார்ப்பிரும்பு அதிகம் வளையாது, வெடித்துப் பறக்கும். பிறகு வெல்டிங் கடை ஒன்றில் பழைய லொறிக் கழிவில் கிடந்த ஒரு அங்குலத் தடிப்பான இரும்புத் தகட்டை "ப" வடிவில் வெட்டுவித்தேன். ஒரு காலில் துளை போட்டுப் புரி வெட்டி, நெருக்கமான புரி உள்ள கடினமான போல்ட் ஒன்று. போல்ட்டின் நுனியை லேத்தில் 8 மில்லிமீற்றருக்குக் கடைந்தார்கள், பின்னின் ஓட்டைக்குள் அது நுழைய வேண்டும் என்பதற்காக. மற்றக் காலில் உள்பக்கமாக ஒரு குட்டைக் குழாய்த் துண்டு ஒட்டியது. பின்னின் தலை வெளியே வரும்போது அந்தக் குழாய்க்குள் போகும், குழாயின் விளிம்பு கிறாங்கில் முட்டி நிற்கும். ஆக போல்ட் ஒரு பக்கம் தள்ள, குழாய் மறு பக்கம் தாங்க, பலம் முழுக்கக் கிறாங்கின் கண்ணுக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடுகிறது. அச்சுக்கும் கப்புக்கும் ஒன்றும் போகாது. ஐயா சொன்ன முட்டு இந்தக் கருவிக்குள்ளேயே இருக்கிறது. வலது பக்கத்துக்காகக் கால்களை ஒடுக்கமாக வைக்கச் சொன்னேன், செயின் வீலுக்கும் கிறாங்குக்கும் இடையில் அது நுழைய வேண்டும்.

இடது பக்கம். நட்டை முழுக்கக் கழற்றவில்லை, புரியின் நுனியோடு நட்டின் முகம் சமமாக வரும் வரை மட்டும் தளர்த்தினேன். இப்படி வைத்தால் தள்ளும் பலத்தை நட்டும் சேர்ந்து வாங்கும், மெல்லிய புரி வளையாது. கருவியின் போல்ட்டுக்குக் கிறீஸ் பூசி, கருவியை நேராக உட்கார வைத்து, நீளமான ஸ்பானரால் இறுக்கினேன். கொஞ்சமும் சரிவாக நிற்கக் கூடாது, சரிந்தால் புரி மடங்கும். நல்ல இறுக்கம் வந்ததும் மேலும் முறுக்காமல் விட்டுவிட்டு, கிறாங்கின் கண்ணில் பக்கவாட்டாக ஒரு தட்டு. "டங்" என்று ஒரு சத்தம், ஸ்பானர் கையில் இலேசானது. நட் கிறாங்கில் முட்டும் வரை தள்ளி, பிறகு நட்டையும் வாஷரையும் எடுத்துவிட்டு மிச்சத்தைத் தள்ள, பின் குழாய்க்குள் விழுந்தது. அந்தப் பின் சேதமில்லாமல் முழுசாக வந்தது.

வலது பக்கம் வேறு கதை. செயின் கவரைக் கழற்றியதும் தெரிந்தது, யாரோ எப்போதோ அடித்ததில் புரியின் நுனி காளான் மாதிரி விரிந்து, நட்டே வெளியே வராத நிலை. எப்படியோ கருவியை வைத்து இறுக்கினேன். தட்டினேன். இன்னும் இறுக்கினேன். நட்டும் புரியும் சேர்ந்து ஒரு பக்கம் சாயத் தொடங்கியது, பின் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த இடத்தில் நிறுத்துவதுதான் முக்கியம். சாய்ந்த புரியை மேலும் தள்ளினால் அது ஓட்டையின் வாயில் மடிந்து அடைத்துவிடும், பிறகு துளைக்கவும் இடம் இருக்காது.

இரும்பு அரியும் வாளால் நட்டோடு சேர்த்துப் புரியைக் கிறாங்கின் முகத்துக்குச் சமமாக அரிந்து எடுத்தேன், அரத்தால் மட்டமாக்கினேன். அந்த மட்டமான முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் பின்னின் உருவம் தெளிவாகத் தெரியும், வட்டமாக இருக்காது, அச்சு இருக்கும் பக்கம் தட்டையாக வெட்டுப்பட்டிருக்கும். துளை போடும் புள்ளியை வட்டத்தின் நடுவில் குத்தக் கூடாது, மிஞ்சி நிற்கும் இரும்பின் நடுவில் குத்த வேண்டும், அதாவது அச்சிலிருந்து கொஞ்சம் விலகி. இல்லாவிட்டால் ட்றில் அலகு அச்சுக்குள் இறங்கும், அச்சு போனால் எல்லாம் போச்சு. 3 மில்லிமீற்றர் அலகால் தொடங்கினேன், ஒருவர் சைக்கிளைப் பிடிக்க, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று ட்றில் நேராக நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல. இது தனியாகச் செய்கிற வேலை இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பியும் மச்சானும் நின்றார்கள். சாதாரணக் கொட்டர் பின் மெதுவான இரும்பு, வெண்ணெய்க் கட்டியாக இல்லாவிட்டாலும் சுருள் சுருளாக வரும். இதில் சுருள் வரவில்லை, தூள்தான் வந்தது, அலகு கீச்சிட்டது. உள்ளே இருப்பது கடினமான உருக்கு என்று அப்போதே விளங்கியது. வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு விட்டு, பலமாக அமத்தி, கோபால்ட் கலந்த அலகு ஒன்றை வாங்கிவந்து மாற்றி, அச்சு நிற்கும் இடத்தைத் தாண்டும் வரை துளைத்தோம். பிறகு அதே துளையை 5 மில்லிமீற்றருக்குப் பெருப்பித்தோம். துளை போடுவது பின்னைத் தின்று தீர்ப்பதற்காக இல்லை. நடு வெறுமையானால் பின் தனக்குள்ளேயே கொஞ்சம் ஒடுங்க இடம் கிடைக்கும், சுற்றி இருக்கும் நெருக்கம் விடும்.

அதற்குப் பிறகும் அது உடனே வரவில்லை. சூடு காட்ட முடிவெடுத்தேன். அசற்றோன் கலவையை முழுக்கத் துடைத்து, காயவிட்டு, டயரையும் சீற்றையும் ஈரச் சாக்கால் மூடி, சைக்கிளை முற்றத்துக்குக் கொண்டுபோனோம். கருவியை இறுக்கிய நிலையிலேயே வைத்துக்கொண்டு, கிறாங்கின் கண்ணை வெளிப்பக்கம் சுற்றிச் சுற்றிச் சூடாக்கினோம். சூட்டில் கண் விரியும், உள்ளே இருக்கும் பின்னுக்கு அந்தச் சூடு போய்ச் சேர முதல் வேலையை முடிக்க வேண்டும். ஒரு துளி தண்ணீர் விட்டால் சீறிப் பறக்கும் அளவு போதும். சிவக்கச் சூடாக்கினால் குரோம் உரியும், கிறாங்கின் பதமும் போகும். சூடாக்கி, ஒரு தட்டு, ஸ்பானரில் ஒரு இழுப்பு. இடது பக்கம் போல "டங்" என்று வரவில்லை, முனகிக்கொண்டு மயிரிழை மயிரிழையாக நகர்ந்தது. ஆனால் நகர்ந்தது. அந்த முதல் அசைவை நான் கண்ணால் பார்க்கவில்லை, ஸ்பானர் பிடித்த கையில்தான் உணர்ந்தேன், மூன்று பேரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டோம்.

பின்னைக் கழுவிப் பார்த்தபோது விஷயம் தெளிவானது. இடது பக்கத்தில் வந்தது கொம்பனியில் செய்த பின், சரிவு வழுவழுப்பாக இருந்தது. வலது பக்கத்தில் இருந்தது கையால் செய்தது. கடினமான போல்ட் ஒன்றின் உடம்பை வாளால் அரிந்து, அரத்தால் சரிவு எடுத்திருக்கிறார்கள். தலைப் பக்கத்தில் வாள் ஓடிய கோடு இருக்கிறது, தட்டையில் அரத்தின் வரிகள் இன்னும் தெரிகின்றன. சாமான் கிடைக்காத காலத்தில் யாரோ ஒரு திருத்துநர் இதை உட்கார்ந்து அராவியிருக்கிறார், அந்தப் பின் இத்தனை காலம் பாரம் தாங்கியிருக்கிறது. சரிவு மட்டும் அச்சின் வெட்டோடு முழுக்கப் பொருந்தவில்லை, ஒரு நுனியில் மட்டும் தொட்டிருக்கிறது, அதனால் அச்சின் விளிம்பு அதில் நகத்தளவுக்கு ஒரு படியைக் குத்தி வைத்திருந்தது. எண்ணெய்க்கு அது அசையாததற்குக் காரணம் அந்தப் படிதான். அந்தப் பின்னை நான் எறியவில்லை, எடுத்து வைத்திருக்கிறேன்.

பின் வந்துவிட்டால் கிறாங் தானாகக் கழன்றுவிடும் என்று இல்லை. அச்சின் விளிம்பில் பிசிர் எழும்பியிருந்தால் கிறாங் அதில் மாட்டும். கிறாங்கை முன்னும் பின்னும் முறுக்கி ஆட்டி, எண்ணெய் விட்டு, பின்பக்கத்தில் முதிரைக் கட்டை ஒன்றை வைத்துக் கண்ணுக்கு நெருக்கமாக மெதுவாகத் தட்ட, கழன்றது. செயின் வீலில் தட்டக் கூடாது, அது நெளிந்தால் பிறகு செயின் ஒவ்வொரு சுற்றுக்கும் இறுகித் தளரும்.

உள்ளே கிறீஸ் காய்ந்து கறுப்புக் கட்டியாகிக் கிடந்தது. இடது பக்கக் கப்பைக் கழற்றி அச்சை இழுத்தேன், கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள், போல்ஸ் உருண்டோடும். ஒரு பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டு 11, இரண்டு பக்கத்துக்கும் 22. பழையதைத் திரும்பப் போடாதீர்கள், அச்சும் கப்பும் நல்லதாக இருந்தாலும் குண்டை மட்டும் புதிதாகப் போட்டுவிட வேண்டும், விலை ஒன்றும் பெரிதில்லை. வலது பக்கக் கப்பை நான் கழற்றவில்லை, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் இருந்த இடத்திலேயே துடைத்தேன். கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால் அது இடம்புரி என்பதை மறக்க வேண்டாம். கப் இரண்டிலும் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், குழி இல்லை. இத்தனை பாடும் இதற்காகத்தான்.

புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள், 9 மில்லிமீற்றர் பின்னும் உண்டு, 9.5உம் உண்டு, கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மெல்லிய பின்னைச் சுற்றித் தகரம் வைத்து அடிப்பது எங்கள் ஊரில் வழக்கம், அது கொஞ்ச நாளில் ஓட்டையையே முட்டை வடிவமாக்கிவிடும். வாங்கிய பின்னை அப்படியே பூட்டக் கூடாது, அராவிப் பொருத்த வேண்டும். சரிவில் மை பூசி, கையால் உள்ளே தள்ளி, எடுத்துப் பார்த்தால் எங்கே தொடுகிறது என்று தெரியும், தொடும் இடத்தை மட்டும் நீள வாக்கில் அராவ வேண்டும். தட்டை முழுக்கத் தொடும் வரை இதைத் திருப்பித் திருப்பிச் செய்ய வேண்டும். கையால் தள்ளும்போதே புரி முழுக்க வெளியே வந்துவிட்டால் அளவுக்கு மிஞ்சி அராவிவிட்டீர்கள் என்று அர்த்தம், அந்தப் பின் இனி உதவாது. நல்ல பொருத்தம் என்றால் கையால் தள்ளும்போது புரியின் நுனி எட்டிப்பார்க்கும், நெருக்கித் தள்ளிய பிறகு நட்டுக்கும் வாஷருக்கும் போதுமான புரி வெளியே நிற்கும். இரண்டு பின்னும் ஒரே அளவு அராவப்பட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கிறாங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, உழக்கும்போது கால் நொண்டும்.

பூட்டும் திசை: ஒரு கிறாங் கீழே பார்த்து நிற்கும்போது அதன் நட் பின் சில்லுப் பக்கம் பார்த்தால், மற்றக் கிறாங்கையும் கீழே கொண்டுவந்து நிறுத்தும்போது அதன் நட்டும் பின் சில்லுப் பக்கமே பார்க்க வேண்டும். மாறிப் பூட்டினால் கிறாங் வளைந்து நிற்கிற மாதிரித் தெரியும், பலர் அதைப் பார்த்துக் கிறாங்கைச் சூடாக்கி நிமிர்த்தப் போய்விடுகிறார்கள். நெருக்குவதற்கும் அதே கருவிதான், இந்த முறை போல்ட் தலையைத் தள்ளும், குழாய் புரிப் பக்கம் நிற்கும். நன்றாக நெருக்கிய பிறகு நட்டை அளவாக இறுக்கினால் போதும்.

கருவி செய்ய வசதியில்லாதவர்களுக்கு அடிக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். தடித்த இரும்புக் குழாய் ஒன்றைக் கிறாங்கின் கண்ணுக்கும் சீமெந்து நிலத்துக்கும் இடையிலான உயரத்துக்குச் சரியாக வெட்டுங்கள், ஒரு மயிரிழை கூடுதலாக இருந்தால் நல்லது, சில்லு நிலத்திலிருந்து சற்றே எழும்பிச் சைக்கிளின் பாரம் குழாயில் நிற்க வேண்டும். பின்னின் தலை குழாயின் ஓட்டைக்குள் பார்க்க வேண்டும். நட்டைப் புரி நுனியோடு சமமாக வைத்துவிட்டு, பாரமான சுத்தியலால் நேராக ஒரே ஒரு பலத்த அடி. சின்னச் சுத்தியலால் பயந்து பயந்து பத்து அடி அடித்தால் புரிதான் விரியும். ஒருவர் சைக்கிளை அசையாமல் பிடிக்க வேண்டும். மண் நிலத்தில் வைத்து அடிக்காதீர்கள், குழாய் மண்ணுக்குள் இறங்கும், முட்டுக் கொடுத்தும் கொடுக்காத மாதிரி.

இப்போது வரும் கியர் சைக்கிள்களின் அலுமினியக் கிறாங்குக்கு இது எதுவும் பொருந்தாது. அதில் பின் இல்லை, பலவற்றில் சதுர முனை அச்சு, அதற்கு 22 மில்லிமீற்றர் புரி உள்ள இழுவைக் கருவி வேண்டும். அதில் செய்ய வேண்டியது நடுப் போல்ட்டையும் அதன் அடியில் ஒட்டிக் கிடக்கும் வாஷரையும் முழுக்க எடுத்துவிட்டு, கருவியைக் கடைசிப் புரி வரை கையால் ஓட்டிவிட்டு, அதன் பிறகே இறுக்குவது. பாதிப் புரியில் நிறுத்தி இறுக்கினால் அலுமினியப் புரி உரிந்து வரும். ஏற்கெனவே உரிந்துவிட்டிருந்தால் போல்ட்டைக் கழற்றிவிட்டு மெதுவாக ஓடித் திரியுங்கள், கிறாங் தானாகத் தளரும், வீட்டுக்கு அருகிலேயே ஓடுங்கள்.

பூட்டி முடித்ததும் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை வரை ஓடிப்போய் வந்தேன். "டக்" இல்லை. வந்த உடனே கருவியைத் திரும்ப வைத்து இரண்டு பின்னையும் இன்னொரு முறை நெருக்கினேன், இரண்டும் கொஞ்சம் உள்ளே போயின, நட்டுக்கும் அதற்கேற்ற அளவு இடம் கிடைத்தது. புதுப் பின் முதல் ஓட்டத்தில் இப்படி உட்காரத்தான் செய்யும், இந்த இரண்டாவது நெருக்கலை விட்டுவிட்டால் மறுபடியும் தளர்ந்து படி விழும். அதற்குப் பிறகு ஒரு நீண்ட ஓட்டம் முடிந்து பார்த்தேன், நட் இரண்டும் இருந்த இடத்தில் இருக்கின்றன. கருவி இணுவிலில் என் வீட்டுக் கொட்டிலில் தொங்குகிறது, ஒழுங்கையில் இன்னொருவரின் ஹம்பர் அடுத்ததாக அதற்குக் காத்திருக்கிறது, அதற்கும் வலது பக்கம்தான் இறுகியிருக்கிறது, இப்போது எண்ணெயில் ஊறுகிறது.